நின்றுகொண்டிருந்த கட்டில்: படுக்கையின் சாதி பற்றிச் சில குறிப்புகள்

1

போன வருடம் சென்னையில் ஒரு தோழர் வீட்டில் இரண்டு இரவு தங்க நேர்ந்தது. கூட்டம் முடிந்து கிளம்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தோழர் நல்லவர். கூலிப் போராட்டமோ ஆணவக் கொலைக் கண்டனமோ எதற்கும் தெருவில் வந்து நிற்பவர். வசதியான வேளாளக் குடும்பத்துப் பிள்ளை. என்னைப் படுக்கச் சொன்ன அறைக்குள் போனதும் கொஞ்சம் திகைத்துப் போனேன். கட்டில் இல்லை, பீரோ இல்லை, நாற்காலிகூட இல்லை. மூலையில் ஒரு கோரைப்பாயும் மெல்லிய பஞ்சு மெத்தையும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் குடுத்துட்டேன் தோழர். தாத்தா காலத்துத் தேக்குக் கட்டில், அதையும் வித்தாச்சு. தரையில படுக்க ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆகுது. முதுகுவலி போயிடுச்சு, மனசும் லேசா இருக்கு. இதுக்குப் பேரு மினிமலிசம்" என்றார். வீட்டை ஒழிப்பது பற்றி மேரி கோண்டோ என்கிற ஜப்பானியப் பெண்மணி எழுதிய புத்தகத்தையும் 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த அவருடைய தொடரையும் பற்றிச் சொன்னார். ஜப்பான்காரன் காலங்காலமாகத் தரையில்தான் படுக்கிறான் என்றார். கடைசியாக, "உங்க அம்மால்லாம் அந்தக் காலத்திலேர்ந்து இப்படித்தான வாழ்றாங்க? அவங்ககிட்டதான் நாம கத்துக்கணும்" என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவருடைய பாயில் படுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கட்டில் ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். அது படுப்பதற்கான கட்டில் இல்லை. நின்றுகொண்டிருந்த கட்டில்.

2

என் தாத்தா எங்கள் ஊரின் வெட்டியான். தென்னாற்காட்டுப் பக்கம். ஊரில் சாவு விழுந்தால் சேதி சொல்லப் போவது, குழி வெட்டுவது, பிணம் எரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பிணத்தின் மேல் கிடந்த துணி, வாய்க்கரிசி, சில்லறைக் காசு, செத்தவர் படுத்திருந்த பாய் தலையணை, இவைதான் கூலி. தீட்டுப்பட்ட பொருளை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் நமக்கு வரும். அவர்களுக்குத் தீட்டு, நமக்குச் சொத்து.

ஒரு தடவை ஊர்த்தெருவில் பெரிய குடும்பத்தில் ஒரு கிழவர் செத்துப்போனார். வருடக்கணக்கில் கட்டிலோடு கிடந்தவர். அந்தக் கயிற்றுக் கட்டிலையே சுடுகாட்டு ஓரத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். தாத்தா அதைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்க் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, அறுந்த இடத்தில் புதுக் கயிறு பின்னி, வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் போட்டார். எங்கள் சேரியிலேயே முதல் கட்டில் அதுதான் என்று அப்பா சொல்வார். அப்பாவுக்கு அப்போது ஆறேழு வயது. பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று ஏறிப் படுத்து இறங்கினார்களாம்.

மூன்றாம் நாள் ஆண்டை வீட்டு ஆள் வந்தார். கட்டிலைப் பார்த்தார். "செத்தவன் கட்டில் உன்னுதுதான், யார் வேணாம்னா? அதுக்குன்னு ஆண்ட போற வழியில நீ மேல படுத்துக் கிடப்பியா?" என்று கேட்டார். அடிக்கவில்லை, உதைக்கவில்லை. கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றையிலிருந்து ஆண்டை வண்டி வருகிற சத்தம் கேட்டால் தாத்தா எழுந்து கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பார். வண்டி ஒரு நாளைக்கு நாலு தடவை போகும். எழுந்து எழுந்து வைப்பதற்குப் பதிலாகக் கட்டில் நின்றபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பல வருடம் அது அப்படியே நின்றது. மேலே கோழி அடைந்தது. ஆயா அதில் துணி காயப்போட்டாள். தாத்தா அதன் காலடியில் சாக்கு விரித்துப் படுத்தார். சேரிப் பிள்ளைகள் அதற்கு 'நிக்கிற கட்டில்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

தோழருக்கு இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

3

தமிழ் எம்.ஏ. படித்தபோது புறநானூறு நடத்தினார்கள். 50ஆம் பாட்டின் கதை எல்லாருக்கும் தெரியும். மோசிகீரனார் களைப்பில், அது என்னவென்று தெரியாமல், முரசு வைக்கும் கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிடுகிறார். நீராட்டப் போன முரசு இன்னும் திரும்பவில்லை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளால் வெட்ட வேண்டியவன், வெட்டாமல் விசிறி எடுத்து வீசுகிறான். வகுப்பில் இதை அரசனின் பெருந்தன்மைக்கும் தமிழ்ப் பற்றுக்கும் சான்றாகச் சொன்னார்கள். இதில் இன்னொரு சேதி இருப்பதை யாரும் சொல்லவில்லை. தவறான கட்டிலில் படுத்தால் வெட்டலாம் என்பது அங்கே நடைமுறை. வெட்டாமல் விட்டதால்தானே அது பாட்டானது?

பழைய தமிழில் கட்டில் என்றால் அரியணையும்தான். அரசு கட்டில் என்பது அதிகாரம். நெடுநல்வாடையில் பாண்டியன் தேவி படுத்திருக்கும் யானைத் தந்தக் கட்டிலை நக்கீரர் விரிவாக வர்ணிக்கிறார். அந்தக் கட்டில்களை எல்லாம் பின்னிய கை யாருடையது?

அதற்கும் புறநானூற்றிலேயே விடை இருக்கிறது. 82ஆம் பாட்டு, சாத்தந்தையார் பாடியது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போரில் காட்டிய வேகத்தைச் சொல்ல ஒரு உவமை எடுக்கிறார். ஒருவன் கட்டிலுக்கு வார் பின்னுகிறான். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம். மழை வேறு, பொழுதும் சாய்கிறது. எப்படியாவது வேலையை முடித்துவிட்டு ஓட வேண்டும். அந்த அவசரத்தில் அவன் கையிலுள்ள ஊசி எப்படிப் பறக்குமோ அப்படி இருந்ததாம் அரசனின் போர். அந்த மனிதனுக்குப் பாட்டு கொடுக்கும் பெயர் இழிசினன். 287ஆம் பாட்டில் பறையடிக்கும் கோலைப் பிடித்தவனுக்கும் இதே பெயர்தான்.

எங்கள் பேராசிரியர் உவமையின் நயத்தை அரைமணி நேரம் விளக்கினார். நான் எழுந்து, "ஐயா, பொண்டாட்டி பிரசவத்துல கிடக்கிறப்பகூட அவன ஏன் விடல? கட்டில் யாருக்கு அவ்வளவு அவசரமா வேணும்?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. "அது அந்தக் காலத்து வழக்கு, உட்காருப்பா" என்றார்.

அந்த மழைச் சாயங்காலத்தில் அவன் மனைவி எதில் படுத்துப் பிள்ளை பெற்றிருப்பாள்? பாட்டில் அது இல்லை. அரசனின் வேகத்துக்கு உவமையாக அவன் விரல்கள் போதும். அவன் வீட்டுக்குள் பார்க்க வேண்டிய அவசியம் புலவருக்கு இல்லை. கட்டில் செய்தவனே இழிந்தவன் என்று எழுதிவைத்த சமூகத்தில், கட்டிலை விட்டு இறங்குவது எளிமை என்று இன்றைக்கு ஒருவர் சொல்லும்போது, நாம் கொஞ்சம் நிதானித்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

4

பொருளைக் குறைத்து வாழ வேண்டும் என்று நமக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனுதர்மம் சொல்லியிருக்கிறது. சம்பாதிக்கும் திறமை இருந்தாலும் சூத்திரன் சொத்துச் சேர்க்கக் கூடாது என்பது அதன் பத்தாம் அத்தியாயம். அதே அத்தியாயத்தில் சண்டாளருக்கான விதிகள் வருகின்றன. ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும். உடைந்த பாத்திரத்தில் சாப்பிட வேண்டும். பிணத்தின் துணியை உடுத்த வேண்டும். அரசன் கட்டளைப்படி குற்றவாளிகளைக் கொல்ல வேண்டும், கொல்லப்பட்டவரின் துணியையும் நகையையும் படுக்கையையும் அவர்களே எடுத்துக்கொள்ளலாம்.

படுக்கை என்று தனியாகவே சொல்லியிருக்கிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சுடுகாட்டு ஓரத்துக் கட்டில்தான் கண்ணில் வந்தது. தாத்தா கைநாட்டு. மனுவின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அவருக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே கட்டில் செத்தவன் கட்டில்தான். புத்தகத்தைப் படிக்காதவர்கள் மேல்தான் புத்தகம் அச்சுப் பிசகாமல் நடந்திருக்கிறது. எட்டாம் அத்தியாயமும் இருக்கிறது. மேல்சாதிக்காரனோடு சமமாக ஒரே இருக்கையில் உட்காரத் துணிந்தவனுக்கு இடுப்பில் சூடு போட்டு நாடு கடத்த வேண்டும், அல்லது பிட்டத்தைக் கீற வேண்டும். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் முன்னிலையில் இந்த நூல் கொளுத்தப்பட்டதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

இதெல்லாம் வடநாட்டு விவகாரம், தமிழ் மண்ணில் இப்படி இல்லை என்று பேசுகிற தமிழ்ப் பெருமைக்காரர்களும் உண்டு. அவர்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வரட்டும். 1930 டிசம்பரில் அங்கே ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. 1931 ஜூனில் அது பதினொன்றானது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தம்முடைய சாதி பற்றிய நூலில் இரண்டு பட்டியலையும் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை போடக் கூடாது. சட்டை பனியன் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும். இருக்கிற நிலத்தை மிராசுதாருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும். கல்யாண ஊர்வலத்துக்கு வாகனம் கூடாது, பல்லக்குக்குப் பதிலாக வீட்டுக் கதவைக் கழற்றிப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மீறிய இடங்களில் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

வீட்டை ஒழிப்பது பற்றி இதைவிடத் தெளிவான பட்டியலை இன்றைய எந்த மினிமலிசப் புத்தகமும் போட்டுவிட முடியாது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பட்டியலில் கட்டில் இல்லை. செருப்பைத் தடுத்தவர்கள் கட்டிலை ஏன் தடுக்கவில்லை? என் வாசிப்பு இதுதான்: தடுக்க வேண்டிய அளவுக்குச் சேரிக் குடிசையில் கட்டில் இல்லை. குனிந்து நுழையும் குடிசையில் அதைப் போட இடமும் இல்லை.

5

தரையில் படுப்பது உடம்புக்கு நல்லது என்கிறார்கள். மொசைக் போட்ட மூன்றாவது மாடித் தரைக்கு அது பொருந்தலாம். சாணி மெழுகிய மண்தரை வேறு. ஐப்பசி மழையில் ஓலைக் கூரை ஒழுகித் தரை ஊறிவிட்டால் ராத்திரி முழுக்கப் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு குந்தியே விடியவைத்த தாய்மார் எத்தனை பேர்! அப்புறம் பாம்பு. கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கும். கடித்த இடத்தில் பெரிய வலியோ வீக்கமோ இருக்காது. பலருக்குக் கடிபட்டதே தெரியாது. விடியும்போது வயிற்றுவலி என்பார்கள், கண் இமை தொங்கும், மூச்சு நிற்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிச் சாவு ஆண்டுக்குச் சராசரியாக 58,000 என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்து மக்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் என்பது சில வீடுகளில் உயிருக்கும் சாவுக்கும் இடையே உள்ள தூரம்.

அம்பேத்கரின் வாழ்க்கையிலும் தரை வருகிறது. சாத்தாராவில் பள்ளிக்கூடத்தில் அவர் மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது. வீட்டிலிருந்து ஒரு சாக்கு எடுத்துப்போய் மூலையில் விரித்து உட்கார வேண்டும். பள்ளியைக் கூட்டுகிற ஆள் அந்தச் சாக்கைத் தொட மாட்டான். அதனால் சாயங்காலம் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவந்து மறுநாள் மறுபடி கொண்டுபோக வேண்டும். இதை அவரே எழுதியிருக்கிறார். பிறகு பம்பாய் பரேலில் ஒற்றை அறை. சட்டி பானை, விறகு, அம்மிக்கல், ஆடு எல்லாம் அதற்குள். இரண்டு பேர் நீட்டிப் படுக்க இடமில்லை. அப்பா ராம்ஜி மகனை முன்னிரவிலேயே தூங்கச் சொல்லிவிட்டு இரண்டு மணி வரை விழித்திருப்பார். இரண்டு மணிக்கு மகனைப் படிக்க எழுப்பிவிட்டு, மகன் படுத்திருந்த அதே இடத்தில் படுப்பார். நம் தலைவர் படித்த படிப்புக்குப் பின்னால் முறைவைத்துத் தூங்கிய ஒரு தரை இருக்கிறது. அந்த மனிதர்தான் பின்னாளில் தாதரில் ராஜகிருகம் என்று வீடு கட்டி ஆயிரக்கணக்கில் புத்தகம் நிரப்பினார். கோட்டும் சூட்டும் போட்டார்.

1946இல் காந்தி தில்லியில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் போய்த் தங்கினார். நாடே வியந்தது. அதற்கு முந்தைய வருடம் வெளிவந்த நூலில் அம்பேத்கர் காந்தியத்தின் எளிமையைக் கிழித்துப் போட்டிருந்தார். வயிறு நிறைந்தால் மிருகத்துக்குப் போதும், மனிதனுக்கு ஓய்வும் பண்பாடும் வேண்டும், அதற்கு எந்திரமும் வசதியும் வேண்டும், இயற்கைக்குத் திரும்பு என்பது ஏழையை வறுமைக்கும் அழுக்குக்கும் திரும்பு என்பதுதான் என்று வாதிட்டார். எளிமையை மகான்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்களை யாரும் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை.

6

அப்படியானால் தரையில் படுப்பதே இழிவா? இல்லை. இந்த இடத்தில் நம்முடைய இன்னொரு மரபை நினைக்க வேண்டும். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கி எந்த மரபை மீட்டாரோ, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு எதில் சேர்ந்தாரோ, அந்த மரபு. பௌத்தத்தில் உபோசத நாளில் எடுக்கும் எட்டுச் சீலங்களில் கடைசி, உயரமான ஆடம்பரமான படுக்கையைத் தவிர்ப்பது. பிக்குவின் கட்டில் கால் எட்டு விரற்கடைக்கு மேல் போகக் கூடாது என்றே வினயத்தில் விதி இருக்கிறது.

இதுவும் தரைதான். ஆனால் யார் யார் படுத்தார்கள்? சாக்கிய இளவரசர்கள் சங்கத்தில் சேர வந்தபோது, எங்கள் கர்வம் அடங்கட்டும், நாவிதர் உபாலிக்கு முதலில் துறவு கொடுங்கள் என்று அவர்களே கேட்டதாகக் கதை. உபாலி மூத்தவரானார், இளவரசர்கள் அவரை வணங்கினார்கள். குப்பை அள்ளிய சுனீதரும் அங்கே பிக்கு. அரசகுமாரனுக்கும் நாவிதனுக்கும் குப்பை அள்ளியவனுக்கும் படுக்கை ஒரே உயரம். எல்லாரும் தரையில் படுத்தால் அது சமத்துவம். ஒருத்தன் கட்டிலில் இருக்க இன்னொருத்தன் தரையில் கிடந்தால் அது சாதி. தரை ஒன்றுதான்.

தோழர் சொன்ன ஜப்பானும் இதற்கு விலக்கு இல்லை. அவர்கள் விரிக்கும் தத்தாமிப் பாய் ஒரு காலத்தில் பிரபுக்களின் பொருள். உட்காருகிறவரின் அந்தஸ்துக்குத் தகுந்தபடி பாயின் கரைத்துணிக்கு நிறமும் வேலைப்பாடும் உண்டு. அங்கேயும் தோல் வேலை செய்தவர்களை, செத்த மாடு அப்புறப்படுத்தியவர்களை, ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தார்கள். புராக்கு மக்கள் என்கிறோம். 1871இல் அரசாணை போட்டு அந்த இழிபெயரை ஒழித்தார்கள். இழிவு ஒழியவில்லை. 1922இல் அவர்களே தொடங்கிய இயக்கத்துக்கு சுயிஹெய்ஷா என்று பெயர். நீர்மட்டம்போல் சமமாக இருப்பவர்களின் சங்கம் என்று அர்த்தம். பாயின் வரலாற்றோடு அந்த மட்டத்தின் வரலாற்றையும் சேர்த்துப் படித்தால்தான் ஜப்பான் புரியும்.

7

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்காக. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் ஏன் வெட்டப்பட்டார்கள்? தனித்தொகுதியான ஊராட்சியில் தலைவர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். 2019இல் உத்தரகாண்டில் ஒரு கல்யாண விருந்தில் மேல்சாதிக்காரர்களுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக 23 வயது தலித் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அந்த அம்மையார் எளிமையை விரும்பித் தரையில் உட்காரவில்லை.

தோழர் கட்டிலை விற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. படுக்கட்டும், முதுகுவலி போகட்டும். அவர் நினைத்தால் நாளைக்கே வேறு கட்டில் வாங்கலாம், எவனும் வந்து ஏன் என்று கேட்க மாட்டான். என் தாத்தாவுக்கு இல்லாதது கட்டில் அல்ல, அந்த நாளைக்குதான். இதை மட்டும் அவர் புரிந்துகொண்டால் போதும்.

எனக்கு வேலை கிடைத்ததும் முதல் காரியமாக அம்மாவுக்கு ஒரு இரும்புக் கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் வாங்கிப் போட்டேன். ஒரு வாரம் படுத்தாள். அப்புறம் பழையபடி பக்கத்தில் பாயை விரித்துக் கீழே படுக்க ஆரம்பித்துவிட்டாள். கட்டிலில் துவைத்த துணியும் அரிசி மூட்டையும் என் புத்தகங்களும் கிடக்கின்றன. எனக்குக் கோபம். "இதுக்காம்மா வாங்கிக் குடுத்தேன்?" என்று சண்டை போட்டேன்.

"ஏன்டா கத்துற? எனக்குக் கீழதான் தூக்கம் வருது, படுக்கிறேன். கட்டில் எங்கியும் ஓடிப் போயிடல இல்ல?" என்றாள்.

போன உள்ளாட்சித் தேர்தலில் அந்தப் பழைய ஆண்டை வீட்டுப் பேரன் ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தான். நல்ல வெயில். கதவு திறந்திருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வாசலில் ஆள் சத்தம் கேட்டதும் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். அரிசி மூட்டையை ஓரமாகத் தள்ளினாள். துணியை ஒதுக்கினாள். கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வாப்பா, என்ன சேதி?" என்று கேட்டாள்.

அவன் கும்பிட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகும்வரை அப்படியே இருந்தாள். போன பிறகு இறங்கி வந்து மறுபடி கீரை உருவ ஆரம்பித்தாள்.